நடுநிலைப் பள்ளி மாணவர்களுக்குப் பள்ளிப் பணியாளர்களின் துணை

தமிழ்நாட்டில் 6, 7, 8 ஆகிய மூன்று வகுப்புகள் நடுநிலை வகுப்புகள் எனப்படுகின்றன. ஏறத்தாழ 11 முதல் 13 வயது வரையுள்ள சிறுவர் சிறுமியர் இவற்றில் படிக்கின்றனர். பாடம் நடத்துவதற்கு அப்பால் பள்ளிப் பணியாளர்கள் இம்மாணவர்களுக்குத் துணைநிற்பது இரு வகைப்படும். ஒன்று, உணவு, உடல்நலம், வருகை, படிப்பு ஆகியவற்றில் நேரடியாக உதவுதல். மற்றொன்று, மாணவர் தனக்காகப் பேச முடியாத இடங்களில் அவருக்காகப் பரிந்து பேசுதல். பெற்றோரிடம், வருவாய்த்துறை அலுவலகத்தில், காவல்துறையிடம், சில வேளைகளில் சக ஆசிரியரிடமே இவ்வாறு பேச வேண்டியிருக்கும். முதலாவது பல பள்ளிகளில் இயல்பாகவே நடக்கிறது. இரண்டாவதற்குத் துணிவும் ஓரளவு சட்ட அறிவும் தேவைப்படுகின்றன.

ஆறாம் வகுப்பில் நேரும் மாற்றம்

ஐந்தாம் வகுப்பு வரை பெரும்பாலும் ஓர் இடைநிலை ஆசிரியரே நாள் முழுவதும் ஒரு வகுப்பைப் பார்த்துக்கொள்கிறார். எந்தப் பிள்ளை சாப்பிடாமல் வந்தது, எது நேற்று அழுதது என்பது அவருக்குத் தெரியும். ஆறாம் வகுப்பில் இந்த அமைப்பு மாறுகிறது. பாடத்துக்கு ஒருவராகப் பட்டதாரி ஆசிரியர்கள் வந்து போகின்றனர். 2009ஆம் ஆண்டின் இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 8 வரையான வகுப்புகளுக்கு அறிவியலும் கணிதமும், சமூக அறிவியல், மொழிகள் என்ற மூன்று பிரிவுகளிலும் குறைந்தது ஓர் ஆசிரியராவது இருக்க வேண்டும் என்கிறது. 35 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பதும் அதே அட்டவணையில் உள்ள அளவு. பாடம் கற்பிக்க இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒரு மாணவியைக் கணித ஆசிரியர் கணக்கு வராதவளாகவும், தமிழாசிரியர் நன்றாக எழுதுபவளாகவும், அறிவியல் ஆசிரியர் கடைசி வரிசையில் தூங்குபவளாகவும் மட்டுமே அறிந்திருக்க வாய்ப்புண்டு. மூன்றையும் சேர்த்துப் பார்த்து, அவள் இரவில் தூங்குவதில்லை என்று கண்டுபிடிக்க ஒருவர் வேண்டும்.

பெரும்பாலான ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளிகளில் ஆலோசகர் என்ற தனிப் பணியிடம் இல்லை. அமெரிக்க நடுநிலைப் பள்ளிகளில் இதற்கெனப் பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் பணியாற்றுகின்றனர். 250 மாணவருக்கு ஒருவர் என்பது அங்குள்ள பள்ளி ஆலோசகர் சங்கம் பரிந்துரைக்கும் விகிதம். இங்கே அந்தப் பொறுப்பு வருகைப் பதிவேட்டைக் கையில் வைத்திருக்கும் வகுப்பாசிரியரையே சேர்கிறது.

உடல் மாறும் வயதும் இதுவே. சிறுமியர் பலர் இந்த மூன்று ஆண்டுகளுக்குள் பூப்படைகின்றனர். அதையொட்டி விடுப்பு எடுத்து, சடங்கு முடிந்து திரும்பும் மாணவியை வகுப்பு எவ்வாறு எதிர்கொள்கிறது என்பது அவள் தொடர்ந்து வருவதைப் பெரிதும் பாதிக்கிறது. புதுயுகம் திட்டத்தின்கீழ் வளரிளம் பெண்களுக்கு அணையாடைகள் வழங்கப்படுகின்றன. ஆனால் அவை தலைமையாசிரியர் அறையில் ஆண் ஆசிரியர் முன்னிலையில் கேட்டு வாங்க வேண்டிய இடத்தில் இருந்தால் பலர் கேட்பதில்லை. பெட்டியைக் கழிப்பறைக்கு அருகில் மாற்றி வைத்து, சாவியை ஓர் ஆசிரியையிடம் கொடுத்துவிட்டால் இந்தச் சிக்கல் பெருமளவு தீர்ந்துவிடும். இதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை.

யார் கவனிக்கிறார்கள்?

துணைநிற்பவர் என்றவுடன் ஆசிரியர் மட்டுமே நினைவுக்கு வருகிறார். உண்மையில் சத்துணவுக் கூடத்தில் இருப்பவர்களுக்குத் தெரிவது வகுப்பறையில் இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. திங்கட்கிழமை மதியம் இரண்டு முறை சோறு வாங்கும் பிள்ளை எது என்பதைச் சமையலர் அறிவார். வீட்டில் சனி, ஞாயிறு எப்படிக் கழிந்தது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. "ஆயா" என்று பிள்ளைகள் அழைக்கும் அவரிடம் ஆசிரியர்கள் பேச்சுக் கொடுத்து வைத்திருக்கும் பள்ளியில் பல செய்திகள் முன்கூட்டியே தெரிந்துவிடும். தூய்மைப் பணியாளர், உடற்கல்வி ஆசிரியர், வட்டார வள மையத்திலிருந்து வந்துபோகும் சிறப்பாசிரியர் ஆகியோரும் இவ்வாறே. 2012இல் நியமிக்கப்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் வாரத்தில் மூன்று அரை நாட்கள் மட்டுமே வருபவர்கள். ஆனாலும் ஓவியமும் விளையாட்டும் அவர்கள் கையில் இருப்பதால், மற்றவரிடம் வாய் திறக்காத மாணவர்கள் அவர்களிடம் பேசுவதுண்டு.

உணவு தொடர்பாகவே ஒரு நெருடல் உண்டு. 1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டம் இன்று பத்தாம் வகுப்பு வரை மதிய உணவு தருகிறது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கப்பட்ட முதலமைச்சரின் காலை உணவுத் திட்டமோ 1 முதல் 5 வரையான வகுப்புகளுக்கு என வகுக்கப்பட்டது. தமிழ்நாட்டில் நடுநிலைப் பள்ளி என்பது பெரும்பாலும் 1 முதல் 8 வரை ஒரே வளாகத்தில் இயங்குவது. ஆகவே தம்பியைக் கையில் பிடித்து அழைத்துவரும் ஆறாம் வகுப்பு அக்கா, அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் நிலை வந்தது. சென்ற ஆண்டு வரை அவளும் அதே வரிசையில் அமர்ந்தவள். மீதமாகும் உணவை என்ன செய்வது என்பதை அங்குள்ளவர்கள்தான் முடிவு செய்ய வேண்டியிருந்தது.

வராத மாணவரைத் தேடிச் செல்லுதல்

நடுநிலை வகுப்புகளில் இடைநிற்றல் பெரும்பாலும் திடீரென நிகழ்வதில்லை. வாரத்துக்கு ஒரு நாள் என்பது இரண்டு நாளாகி, பிறகு பெயர் மட்டும் பதிவேட்டில் எஞ்சும். காரணங்களும் ஊருக்கு ஊர் மாறும். செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டுக்கோ பெற்றோர் போகும் பருவத்தில் பிள்ளைகளும் உடன் செல்கின்றனர். இடம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைகளைச் சேர்ப்பதை உறுதி செய்வது அந்தந்த உள்ளாட்சியின் கடமை என்று கல்வி உரிமைச் சட்டம் கூறுகிறது. வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கை மறுக்கக் கூடாது என்பதும் அதில் உண்டு. ஆனால் சூளை இருக்கும் ஊரின் பள்ளிக்கு இதை யாராவது தொலைபேசியில் சொன்னால்தான் அந்தப் பிள்ளை அங்கே வகுப்பில் உட்காரும். பழைய பள்ளியின் ஆசிரியர் புதிய பள்ளியின் தலைமையாசிரியரிடம் பேசும் ஐந்து நிமிடம், ஒரு கல்வியாண்டையே காப்பாற்றக் கூடும்.

வீட்டுக்குச் சென்று பார்ப்பதில் ஒரு நுட்பம் உள்ளது. "ஏன் அனுப்பவில்லை?" என்று தொடங்கினால் பெற்றோர் குற்றவாளிக் கூண்டில் நிற்பதாக உணர்வர். "இரண்டு நாளாகக் காணோமே, உடம்புக்கு ஏதும் முடியலையா அம்மா?" என்று தொடங்கினால் காரணம் தானாக வெளிவரும். பல வேளைகளில் காரணம் படிப்பே: ஆறாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக்கூட்டிப் படிக்க முடியாத சிறுவன், ஒவ்வொரு பாடவேளையிலும் எழுப்பி நிறுத்தப்படுவதைத் தவிர்க்கவே வீட்டில் தங்கிவிடுகிறான். அவனைச் சத்தமாக வாசிக்கச் சொல்ல வேண்டாம் என்று மற்ற ஆசிரியர்களிடம் வகுப்பாசிரியர் கேட்டுக்கொள்வதும், மதிய இடைவேளையில் அவனோடு பத்து நிமிடம் உட்காருவதும் சேர்ந்தால்தான் பயன் கிடைக்கும்.

மாணவருக்காகப் பேசுதல்

ஆறாம் வகுப்பு ஒரு குடும்பத்தின் கணக்கில் சாதாரண ஆண்டாகத் தெரியலாம். ஆனால் தமிழ்நாட்டு அரசின் பல சலுகைகள் அங்கிருந்துதான் எண்ணப்படுகின்றன. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கும் 2020ஆம் ஆண்டுச் சட்டத்தின் அடிப்படைத் தகுதி, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருப்பது. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும் அதே வகுப்புகளைக் கணக்கில் கொண்டு, உயர்கல்வி பயிலும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்குகிறது. ஏழாம் வகுப்பில் கடன் வாங்கியாவது தனியார் பள்ளிக்கு மாற்ற நினைக்கும் தந்தைக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. முடிவு அவருடையதே. ஆனால் எதை இழக்கிறோம் என்று தெரிந்து முடிவு செய்யும் நிலைக்கு அவரைக் கொண்டுவருவது ஆசிரியரின் வேலை.

எட்டாம் வகுப்பில் நடைபெறும் தேசிய வருவாய்வழி மற்றும் தகுதிப் படிப்புதவித் தொகைத் தேர்வும் இத்தகையது. ஆண்டு வருமானம் மூன்றரை லட்சம் ரூபாய்க்கு மிகாத குடும்பத்து மாணவர் இதில் தேர்ச்சி பெற்றுத் தெரிவானால், ஒன்பதாம் வகுப்பு முதல் நான்கு ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். தமிழ்நாட்டுக்கான இடங்கள் 6,695. எங்கோ ஒரு சிற்றூர்ப் பள்ளியிலிருந்து ஆண்டுதோறும் மாணவர்கள் தேர்வாகிறார்கள் என்றால், அங்கே மாலையில் கூடுதலாக ஒரு மணி நேரம் இருக்கும் ஆசிரியர் ஒருவர் உண்டு என்று பொருள்.

சான்றிதழ் பெறுவதில் நேரும் அலைச்சல் இதைவிடக் கடுமையானது. பழங்குடியினர் சாதிச் சான்றிதழை வழங்கும் அதிகாரம் வட்டாட்சியரிடம் இல்லை, வருவாய்க் கோட்டாட்சியரிடம் உள்ளது. இருளர் குடும்பத்தில் முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் பிள்ளையின் பெற்றோரிடம் காட்டுவதற்கு முந்தைய சான்றிதழ் எதுவும் இருக்காது. கூலி வேலையை விட்டுவிட்டு நான்கு முறை கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு அலைந்து, ஐந்தாவது முறை போகாமல் விட்டுவிடுவர். தலைமையாசிரியர் பள்ளி ஆவணங்களோடு ஒருமுறை உடன் சென்று நின்றால் அலுவலகத்தின் பேச்சே மாறுகிறது. இப்படி மாறுவது நியாயமில்லைதான். என்றாலும் நடைமுறை அதுவாக இருக்கும்வரை, உடன் செல்வது ஒரு பெரும் உதவி.

பரிந்து பேசுதல் தனி மாணவரோடு நிற்பதில்லை. 2019இல் கல்வி உரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, ஐந்து, எட்டாம் வகுப்புகளில் தேர்வு வைத்து நிறுத்தி வைக்க மாநிலங்களுக்கு வாய்ப்பளிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் அவ்வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு அறிவிக்கப்பட்டபோது, ஆசிரியர் அமைப்புகளும் கல்வியாளர்களும் எதிர்ப்புத் தெரிவித்தனர். 2020 பிப்ரவரியில் அந்த அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. தோல்வியுற்ற பதின்மூன்று வயதுப் பிள்ளை மீண்டும் அதே வகுப்புக்கு வராது, வேலைக்கோ கல்யாணத்துக்கோ போய்விடும் என்பது வகுப்பறையைப் பார்த்தவர்கள் கூறிய காரணம்.

சட்டம் கட்டாயமாக்கியவை

சிலவற்றில் உதவுவதும் உதவாமல் இருப்பதும் பணியாளரின் விருப்பம் அன்று. உடல்சார்ந்த தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது. சக ஆசிரியர் பிரம்பெடுக்கும்போது தடுப்பது, நட்பைப் பாதித்தாலும், மாணவர் பக்கம் நிற்பதன் ஒரு பகுதியே. 14 வயதுக்குட்பட்டவரை வேலைக்கு அமர்த்துவது 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி குற்றம். பள்ளி நேரத்துக்குப் பிறகு குடும்பத் தொழிலில் உதவுவது போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. 18 வயதுக்குட்பட்ட பெண்ணின் திருமணத்தை 2006ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. எட்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த கோடை விடுமுறையில் திருமண ஏற்பாடு நடப்பதாகத் தோழிகள் வாயிலாகத் தெரியவந்தால், 24 மணி நேரமும் இயங்கும் 1098 என்ற எண்ணில் தெரிவிக்கலாம்.

மிகக் கண்டிப்பானது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். பாலியல் குற்றம் நடந்ததாக அறிந்தவர் எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது அதன் 19ஆம் பிரிவு. தெரிவிக்காதவருக்கு ஆறு மாதம் வரையும், தமக்குக் கீழ்ப்பட்டவர் செய்த குற்றத்தை மறைத்த நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரையும் சிறைத் தண்டனை விதிக்க 21ஆம் பிரிவு இடமளிக்கிறது. குற்றத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பு ஆசிரியருக்கு இல்லை. நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர்மீது வழக்குத் தொடர முடியாது. குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, இயன்றவரை பெண் அதிகாரி, சீருடை அணியாமல் பதிவு செய்ய வேண்டும் என்பதை அறிந்த ஆசிரியை, அஞ்சி நிற்கும் தாயிடம் அதைச் சொல்லித் தேற்ற முடியும். பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று அறைக்குள்ளேயே பேசி முடிப்பது, சட்டத்துக்கு மட்டுமன்றி நம்பிச் சொன்ன பிள்ளைக்கும் எதிரானது.

அக்கறையின் எல்லைகள்

அதனால்தான் "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்ற வாக்குறுதியைத் தொடக்கத்திலேயே தரக் கூடாது எனப் பயிற்சிகளில் வலியுறுத்தப்படுகிறது. "உனக்கு உதவக் கூடியவரிடம் மட்டும் சொல்வேன், சொல்வதற்கு முன் உன்னிடம் கூறுவேன்" என்பதே காப்பாற்றக் கூடிய சொல். துருவித் துருவிக் கேட்பதும் தவறு. பிள்ளை ஒரே செய்தியை நான்கு பேரிடம் நான்கு முறை சொல்ல நேர்ந்தால் அதுவே ஒரு தண்டனை.

உதவி புண்படுத்துவதும் உண்டு. காலைக் கூட்டத்தில் பெயர் சொல்லி அழைத்துச் செருப்பும் நோட்டும் கொடுப்பது, கொடுப்பவருக்கு மனநிறைவாக இருக்கலாம். பன்னிரண்டு வயதில் சக மாணவர் கண்முன் ஏழையெனக் காட்டப்படுவது எளிதில் மறக்கக் கூடியதன்று. ஆசிரியர் அறையில் தேநீரோடு பேசப்படும் ஒரு மாணவியின் வீட்டுக் கதை, மாலைக்குள் ஊருக்குள் போய்ச் சேர்வதும் அறியாதது அன்று.

இரு பாடங்களையும் நிர்வாகப் பதிவுகளையும் ஒருவரே பார்க்கும் பள்ளியில் இவ்வளவையும் எதிர்பார்ப்பது மிகையாகத் தோன்றலாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், உறுப்பினரில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்ற சட்ட விதி இங்கே பயன்படுகிறது. வராத பிள்ளையின் தெருவிலேயே குடியிருக்கும் உறுப்பினர் ஒருவர் ஆசிரியரைவிட விரைவாக அந்த வீட்டுக்குள் போக முடியும். நேரில் சொல்லத் தயங்கும் மாணவர்களுக்காகப் பள்ளிகளில் "மாணவர் மனசு" என்ற பெட்டி வைக்கப்பட்டுள்ளது. பள்ளிக் கல்வித்துறையின் 14417 என்ற உதவி எண்ணும் உள்ளது. பெட்டி இருக்கும் இடமும் அதைத் திறப்பவர் யார் என்பதும்தான் அதில் சீட்டு விழுமா என்பதை முடிவு செய்கின்றன. தலைமையாசிரியர் அறை வாசலில் தொங்கும் பெட்டி பெரும்பாலும் காலியாகவே இருக்கும்.