மாண்டவரின் வாக்கு

2024-ம் வருஷம் வெளிவந்த 'லால் சலாம்' சினிமாவில், நெடுநாள் முன்பே காலமான ஷாகுல் ஹமீதும் 2022-ல் காலமான பம்பா பாக்யாவும் பாடக் கேட்டோம். செயற்கை நுண்ணறிவென்னும் யந்திர வித்தை விளைத்த விந்தை அது. குடும்பத்தாரின் சம்மதம் பெற்று ஊதியமும் அளித்ததாக இசையமைப்பாளர் ஏ. ஆர். ரஹ்மான் தெரிவித்தார். அது நியாயமே. ஆயினும், சம்மதித்தவர்கள் வாரிசுகளேயன்றிப் பாடகர்கள் அல்லர்.

விஷயம் பாட்டோடு நிற்கவில்லை. அவ்வருஷம் ஜனவரியில், 2018-ல் மறைந்த கருணாநிதியின் உருவம் ஒரு நூல் வெளியீட்டு விழாவில் பிரசங்கம் செய்தது. பிப்ரவரியில், 2016-ல் மறைந்த ஜெயலலிதாவின் குரல் கட்சித் தொண்டர்களிடம் ஆதரவு கோரியது.

ஒருவர் பேசியதை இசைத்தட்டில் மறுபடி கேட்பது வேறு. அவர் பேசாததை அவர் குரலிலே பேசச் செய்வது வேறு. சொன்ன சொல்லுக்குப் பொறுப்பேற்பவர் இருந்தாலன்றோ அது வாக்கு? கேட்ட கேள்விக்கு விடை பகரவும், தவறைத் திருத்திக்கொள்ளவும் மாண்டவர் வருவரோ? சொத்து வாரிசைச் சேரலாம், அபிப்பிராயம் சேராது.

ஆகவே, மேடையில் இத்தகைய குரல் எழும்போது, எழுதிக் கொடுத்தவர் யாரென்று கேட்பது பொதுஜனங்களின் கடமை. கேட்கும் முன்னரே அதை அறிவிப்பது கட்சிகளின் கடமை என்பது நமது துணிபு.