தட்டையா, சப்பையா, மட்டமா? திருவக்கரைக் கற்களை வைத்து ஒரு சொற்குறிப்பு

ஆங்கிலத்தில் ஃபிளாட் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். தமிழில் அதற்குத் தட்டை, சப்பை, மட்டம், கிடை என்று பல சொற்கள் இருக்கின்றன. அகராதியைப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் பேச்சில் யாரும் இவற்றை மாற்றிப் போடுவதில்லை. "ஏரித் தண்ணி தட்டையா இருக்கு" என்று எவராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

முதலில் தட்டை. இது பொருளின் வடிவத்தைச் சொல்வது. நீளமும் அகலமும் இருக்கும், கனம் குறைவாக இருக்கும், அவ்வளவுதான். சுவரில் சாய்த்து வைத்தாலும் பலகை தட்டைதான். 'தட்டு' என்ற வினையோடு இதற்கு உறவு இருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. மாவைத் தட்டினால் தட்டை. நாம் கொறிக்கும் பலகாரமே சாட்சி. கன்னடத்தில் சாப்பிடும் தட்டுக்கு 'தட்டே' என்று பெயர். பிடதியில் கிடைக்கும் தட்டே இட்லி அந்த வகைதான். குறிஞ்சிப்பாட்டில் தினைப்புனத்தில் கிளி விரட்டும் கருவி ஒன்றுக்கும் தட்டை என்றே பெயர். அது மூங்கிலைப் பிளந்து செய்து, தட்டி ஓசை எழுப்புவது. சோளத்தட்டையை இதில் சேர்க்க வேண்டாம். அது உருண்டையான தண்டு. ஒலி ஒன்று, பொருள் வேறு.

மட்டம் அப்படியில்லை. அது பொருளுக்கும் பூமிக்கும் உள்ள உறவு. தண்ணீர் தானாக நிற்கும் நிலை எதுவோ அதுதான் மட்டம். நீர்மட்டம், கடல்மட்டம், கொத்தனார் கையில் இருக்கும் ரசமட்டம் எல்லாம் இதில் வரும். நெல் வயலைப் பரம்படித்து மட்டப்படுத்துகிறோம். தட்டையாக்குகிறோம் என்று சொல்வதில்லை. மொட்டைமாடித் தளம் தட்டையாக இருக்கலாம், ஆனால் மட்டமாக இருக்கக் கூடாது. மழைத்தண்ணீர் வடிய வாட்டம் விட வேண்டும். இந்த இரண்டு சொல்லையும் குழப்பினால் வீடு ஒழுகும்!

கிடை என்பது படுத்திருக்கும் நிலை. இதற்குத் திருவக்கரையை விட நல்ல உதாரணம் கிடைக்காது. திண்டிவனம் பக்கம் இருக்கும் இந்த ஊரின் கல்மரங்களைச் சொன்னேரா என்ற ஐரோப்பிய இயற்கையியலாளர் 1781-இல் பதிவு செய்தார். 1940-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை இங்கே பூங்கா அமைத்தது. வயது சுமார் 2 கோடி ஆண்டு. அடிமரங்கள் மட்டும்தான் இருக்கின்றன; கிளையோ இலையோ இல்லை. எங்கேயோ வளர்ந்து, வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு, மணலில் புதைந்து கல்லானவை என்று புவியியலாளர்கள் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். இவை கிடையாகக் கிடக்கின்றன. ஆனால் தட்டையானவை அல்ல, உருளைகள். கிடை வேறு, தட்டை வேறு என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

கடைசியாக, சப்பை. இதில் ஒரு குறை சொல்லும் தொனி உண்டு. திரட்சியாக இருக்க வேண்டியது அப்படி இல்லாமல் போனால்தான் சப்பை. சப்பை மூக்கு என்கிறோம். சப்பைத் தோசை என்று சொல்வதில்லை, ஏனென்றால் தோசை தட்டையாகத்தானே இருக்க வேண்டும். உள்ளே சரக்கில்லாத சமாதானம் சப்பைக்கட்டு. கன்னடத்தில் சப்பட்டெ, இந்தியில் சப்டா என்று இதன் ஒலி பரவலாகக் கிடைக்கிறது.

திருவக்கரைச் சுற்றுவட்டாரம் கல்குவாரிக்கும் பெயர் போனது. ஜல்லியில் சப்பைக்கல் அதிகம் இருந்தால் விவரம் தெரிந்தவர்கள் வாங்க யோசிப்பார்கள். இந்தியத் தர அளவை ஐஎஸ் 2386 இந்தச் சப்பையை எண்ணாலேயே வரையறுக்கிறது: கல்லின் கனம் அதன் சராசரி அளவில் 0.6 பங்குக்குக் கீழே போகக் கூடாது. 20 மி.மீ. சல்லடையில் விழுந்து 16 மி.மீ. சல்லடையில் நிற்கும் கல்லுக்குச் சராசரி 18 மி.மீ. அதில் 0.6 பங்கு 10.8 மி.மீ. அந்த அகலமுள்ள காடியில் கல் நுழைந்துவிட்டால் சப்பை, நுழையாவிட்டால் நல்ல கல். சப்பைக்கல் பாரம் ஏறினால் எளிதில் உடையும். கான்கிரீட்டில் படுத்துக்கொண்டு அடியில் தண்ணீரைத் தேக்கும். அந்த இடத்தில் பிடிப்பு போய்விடும்.

இதே கல்லைத் 'தட்டையான ஜல்லி' என்று எழுதினால் தப்பில்லை. ஆனால் அது வடிவத்தை மட்டும் சொல்லும். 'சப்பை' என்றால் வாங்காதே என்ற எச்சரிக்கையும் சேர்ந்தே வருகிறது. கலைச்சொல் ஆக்குபவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். எங்கள் துறையில் ஃபிளாட் ஃபைல் என்பதை 'தட்டைக் கோப்பு' என்று எழுதலாம். அதில் அடுக்கு இல்லை என்பது புரியும். ஃபிளாட் ரேட்டை 'தட்டைக் கட்டணம்' என்றால் ஒருவருக்கும் விளங்காது, 'ஒரே கட்டணம்' போதும்.

சுருக்கமாக: பொருளின் வடிவம் என்றால் தட்டை. தண்ணீரை வைத்துச் சோதிப்பது என்றால் மட்டம். படுத்திருப்பது என்றால் கிடை. திரட்சி இல்லையே என்ற குறை என்றால் சப்பை.