வழிகாட்டியின் நிலம்

மண்ணின் மக்கள் – 6

சென்ற வாரம் அமெரிக்காவில், நவஹோ பூர்வகுடிகளின் பாலைநிலத்தில் நின்றோம். அங்கே மான்யுமென்ட் வேலியில் வெளியார் தாமாகச் சுற்றிவர விட்டிருப்பது 27 கிலோமீட்டர் மண்பாதை. அதைத் தாண்டி உள்ளே போக நவஹோ வழிகாட்டி கூடவே வரவேண்டும். 2021ல் ஹார்ட்ராக் என்ற ஊரில் நவஹோக்களே ‘ரெஸ்டூரோ’ மலைச் சைக்கிள் போட்டியைத் தொடங்கினார்கள். தங்கள் மண்ணில் யார், எந்தத் தடத்தில் ஓடலாம் என்று சொல்லும் அதிகாரம் அவர்கள் கையில் இருக்கிறது. நம் ஜொகூர் பூர்வகுடிகளின் நிலை என்ன?

குளுவாங் மாவட்டத்துக் காஹாங்கிலிருந்து செம்பனைத் தோட்டங்களை ஊடறுத்து 56 கிலோமீட்டர் ஓடுகிறது ஒரு செம்மண் சடக்கு. அது முடியும் இடம் எண்டாவ் ஆற்றங்கரையில் ஜக்குன் பூர்வகுடி மக்கள் வாழும் கம்போங் பெத்தா. எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவின் வாசலும் அதுவே. 1977ல் பகாங் பக்கம் மரம் வெட்ட அனுமதி கொடுத்தபோது பலத்த எதிர்ப்பு எழுந்தது. 1985-86ல் மலாயா இயற்கைக் கழகம் நடத்திய ஆய்வுப் பயணம் இந்தக் காட்டின் அருமையை வெளியே கொண்டுவந்தது. 1993ல் ஜொகூர் பகுதி தேசியப் பூங்காவாக அரசிதழில் ஏறியது.

உபே குலிங் அருவிக்கும் புவாயா சங்குட் அருவிக்கும் நம்மை நடத்திப் போகிறவர்களில் ஜக்குன் இளைஞர்கள் உண்டு. உபே குலிங்கில் சுழலில் சிக்கிய கற்கள் பாறையைத் தொட்டி தொட்டியாகக் குடைந்து வைத்திருக்கின்றன. அங்கே எந்தப் பாறை வழுக்கும், மேலே பெய்த மழை எப்போது வெள்ளமாக இறங்கும் என்று அவர்களுக்குத் தெரியும். பிரம்பு வெட்டியும் வேட்டையாடியும் தலைமுறைகளாகச் சேர்ந்த அறிவு அது. காட்டுக்குள் நடமாட முடியாமல் போனால், ஒரே தலைமுறையில் அற்றுப்போகும்.

ஆகவே வழிகாட்டியைப் பாராட்டுகிறவர்கள் அவருடைய நில உரிமையையும் பேசவேண்டும். லிங்கியு அணைக்காகக் காட்டை இழந்த ஜக்குன்கள் 52 பேர் ஜொகூர் அரசின் மீது வழக்குத் தொடுத்தார்கள். 1996ல் உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்து, 2 கோடியே 65 லட்சம் ரிங்கிட் இழப்பீடு தரச் சொன்னது. 1998ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பட்டா இல்லாவிட்டாலும் மூதாதையர் காட்டில் நடமாடவும் அதன் விளைபொருளால் வாழவும் பூர்வகுடிக்கு உரிமை உண்டு என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். பின்னாளில் பெத்தா மக்களும் தங்கள் நிலத்துக்காக நீதிமன்றம் ஏறினார்கள்.

நிலத்தை இழக்கும் இந்த வலி நமக்குப் புதிதல்ல. ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, பரம்பரையாக உழைத்த மண்ணைவிட்டு நம் குடும்பங்கள் வெளியேறின. அதைத் தடுக்கத்தான் 1960ல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்.

பெத்தாவுக்குப் போகிறவர்கள் அந்தக் கிராமத்து வழிகாட்டியையே கேட்டு வாங்குங்கள். அவர் கூலியில் பேரம் பேசாதீர்கள். அவர் போகவேண்டாம் என்கிற இடத்துக்குப் போகாதீர்கள். அந்த நிலம் அவர்களுடையது என்று அரசு ஏட்டிலும் எழுதப்படும்வரை, அவர்களோடு சேர்ந்து நாமும் கேட்கவேண்டும்.

(தொடரும்)