பொட்டலத்தில் என்ன இருக்கிறது?

சிராங்கூன் சாலையில் நாம் வாங்கும் சூடம், சென்ட், கைப்பேசி மின்கலம் மூன்றும் அன்றாடப் பொருள்கள்தாம். ஆனால் விமானச் சரக்கு விதிகளில் மூன்றுமே அபாயப் பொருள்கள். சூடம் தீப்பற்றும் திடப்பொருள். ஆல்கஹால் கலந்த சென்ட் தீப்பற்றும் திரவம். லித்தியம் மின்கலமோ நசுங்கினாலும் பழுதானாலும் தானே சூடேறி எரியும்.

இணையத்தில் விற்று வெளிநாட்டுக்கு அனுப்பும் நேயர்கள் கேட்கலாம்: "சின்னப் பொட்டலம்தானே, 'அன்பளிப்பு' என்று எழுதினால் என்ன?"

2010 செப்டம்பர் 3ஆம் தேதி, ஹாங்காங்கிலிருந்து வந்த யுபிஎஸ் சரக்கு விமானம் துபாயிலிருந்து மீண்டும் புறப்பட்ட சிறிது நேரத்தில் தீப்பிடித்து விழுந்தது. புகையில் கருவிகளைக்கூடப் பார்க்க முடியாமல் தவித்த விமானிகள் இருவரும் மாண்டனர். அபாயப் பொருள் என்று எதுவுமே அறிவிக்கப்படவில்லை. ஆனால் குறைந்தது 3 அனுப்பீடுகளில், அப்படி அறிவித்திருக்க வேண்டிய லித்தியம் மின்கலங்கள் இருந்தன என்றது விசாரணை.

2016 ஏப்ரல் முதல், தனியாக அனுப்பப்படும் லித்தியம் அயன் மின்கலங்களைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றக்கூடாது. சரக்கு விமானத்திலும் மின்னேற்றம் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது.

ஆகவே, உள்ளே இருப்பதை உள்ளபடி எழுதுங்கள். ஐயமிருந்தால் ஒட்டுமுன் அஞ்சலகத்தில் கேளுங்கள். நாம் மறைக்கும் ஒரு வரி, முகம் தெரியாத ஒருவரின் உயிர்.