சேஷனுக்கு என்ன உறவு?

பொதுக்கூட்டத்தில் தலைகளை எண்ணுவது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. போலீஸ்காரர் ஒரு தொகை சொல்வார், கட்சிக்காரர் அதை ஐந்தால் பெருக்குவார். நான் ‘ஆயிரக்கணக்கில்’ என்று எழுதித் தப்பித்துக்கொள்வேன்.

1996 ஏப்ரல், மக்களவைத் தேர்தல் சமயம். தில்லியிலிருந்து பஸ் பிடித்து, ஹாப்பூர் தாண்டி ஒரு சிற்றூருக்குப் போயிருந்தேன். கோதுமை அறுத்த வயலில் பந்தல். தலைவர் ஹெலிகாப்டரில் வந்து இறங்கினார். ஜனம் ஓடிப்போய் ஹெலிகாப்டரைச் சுற்றிக்கொண்டது. தலைவர் பேச ஆரம்பித்த பிறகும் பாதிப்பேர் மேடைக்கு முதுகைத்தான் காட்டிக்கொண்டிருந்தார்கள். “அவர் பேசுவதை நாளைக்குப் பேப்பரில் படிக்கலாம். இது நாளைக்கு வருமா?” என்றார் ஒரு பெரியவர். நியாயம்தானே!

நான் சும்மா இருந்திருக்கலாம். நோட்டை எடுத்து ஜீப்புகளை எண்ணிக் குறித்தேன். வந்தது வினை. டி.என். சேஷன் தலைமைத் தேர்தல் கமிஷனராக இருந்த காலம். வேட்பாளர்களின் செலவைக் கண்காணிக்க வெளியூர் அதிகாரிகள் வருவார்கள். எந்த ஊர் என்று கேட்ட கட்சிக்காரரிடம் “மதராஸ்” என்றேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. “சேஷன் சாஹிப் உங்களுக்கு என்ன உறவு?” என்றார். நாற்காலி வந்தது. பின்னாலேயே பெரிய டம்ளரில் லஸ்ஸி. “ஷாமியானா எங்கள் சித்தப்பாவுடையது, வாடகையே கிடையாது. ஜீப்பெல்லாம் பக்கத்தில் ஒரு கல்யாணத்துக்கு வந்தவை!” நான் பத்திரிகைக்காரன் என்று சொல்லச் சொல்ல, என் பிரசார சபா ஹிந்தி அவருடைய சந்தேகத்தை உறுதியாக்கியது.

பெரிய அதிகாரி வந்திருக்கிறார் என்று சேதி பரவி, பதினைந்து பேர் ஹெலிகாப்டரை விட்டுவிட்டு என் முன்னால் வரிசை கட்டினார்கள். ரேஷன் கார்டு, ரிப்பேரான கைப்பம்பு... முக்காடு போட்ட ஒரு கிழவி, “விதவைப் பென்ஷன் ஏழு மாசமாய் வரவில்லை. எழுதிக்கோ பேட்டா” என்றாள். லஸ்ஸியைக் குடித்த வாயால் மறுக்க முடியவில்லை. எழுதிக்கொண்டேன்.

அன்றிரவு அனுப்பிய செய்தியில் தலைவர் பேச்சு நாலு பத்தி, ஹெலிகாப்டர் ஒரு வரி. கிழவிக்கு இடமில்லை. தூக்கம் வரவில்லை. மறுநாள் பக்கத்து வீட்டு ஹிந்தி வாத்தியாரை உட்கார வைத்து, பதினைந்து பேர் குறையையும் மனுவாக எழுதச் சொல்லி, மாவட்ட ஆட்சியருக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். ஒப்புகைச் சீட்டு ஒழுங்காகத் திரும்பி வந்தது. பென்ஷன் வந்ததா, தெரியாது. 1998 தேர்தலில் என்னை வேறு பக்கம் அனுப்பிவிட்டார்கள். நானாக ஒருநாள் பஸ் ஏறிப் போய்ப் பார்த்திருக்கலாம். போகவில்லை.