டிஸ்க் சாவதற்கு முன் சொல்லிவிட்டுத்தான் சாகிறது; யார் படிக்கிறார்கள்?

சுங்கை பாக்காப் - பத்து காவான் தொழிற்பேட்டையில் எஸ்எஸ்டி எனப்படும் கணினிச் சேமிப்புச் சாதனங்கள் உற்பத்தியாகின்றன. மைக்ரோன், சான்டிஸ்க் ஆகிய நிறுவனங்களின் ஆலைகள் அங்கேதான் இருக்கின்றன. பாலத்துக்கு அந்தப் பக்கம், பாயான் லெப்பாஸில், ஹார்ட் டிஸ்க் பாகங்கள் செய்யும் சீகேட் ஆலை பல ஆண்டுகளாக இயங்குகிறது. சுங்கை பாக்காப், ஜாவி, வால்டோர், நிபோங் திபால் பக்கமிருந்து இந்த ஆலைகளுக்கு ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்கள் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் வீட்டிலோ ஆலய அலுவலகத்திலோ உள்ள கணினி, “என் டிஸ்க் கெட்டுக்கொண்டிருக்கிறது” என்று நாள்தோறும் எழுதி வைப்பதைப் படிப்பவர்கள் மிகக் குறைவு.

கணினி அப்படி எழுதி வைப்பது உண்மை. விண்டோஸ் கணினிகளில் ‘ஈவென்ட் வியூவர்’ என்றொரு பதிவேடு உண்டு. திரையின் கீழே உள்ள ஸ்டார்ட் பொத்தானில் மவுசின் வலப்பக்கத்தைச் சொடுக்கினால் வரும் பட்டியலிலேயே அது இருக்கும். திறந்து, ‘விண்டோஸ் லாக்ஸ்’, அதற்குள் ‘சிஸ்டம்’ என்று போனால் சிவப்பு வட்டமும் மஞ்சள் முக்கோணமுமாக நூற்றுக்கணக்கான வரிகள் தெரியும். பயந்துவிட வேண்டாம். நன்றாக ஓடும் கணினியிலும் அவை இருக்கும். தேட வேண்டியது, மூலம் என்ற பத்தியில் ‘டிஸ்க்’, ‘என்டிஎஃப்எஸ்’, ‘ஸ்டோர் ஏஎச்சிஐ’, ‘ஸ்டோர் என்விஎம்இ’ என்று இருக்கும் வரிகளை மட்டுமே. அவற்றுக்குப் பக்கத்தில் ஓர் எண் இருக்கும். அந்த எண்தான் விஷயம்.

எண் 7 என்றால், டிஸ்கில் ஓர் இடத்தைப் படிக்க முடியவில்லை என்று பொருள். இதுதான் மிக நேரடியான எச்சரிக்கை. எண் 153 வந்தால், ஒரு தகவலை எழுதவோ படிக்கவோ முயன்று, முடியாமல், மறுபடி முயன்றிருக்கிறது. விண்டோஸ் 8 வந்தபோது சேர்க்கப்பட்ட எண் இது. எப்போதாவது ஒன்று வந்தால் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. தினமும் வந்தால் அலட்சியம் கூடாது. எண் 129, டிஸ்க் உரிய நேரத்தில் பதில் சொல்லாததால் அதை உலுக்கி எழுப்ப வேண்டியிருந்தது என்கிறது. கணினி திடீரென உறைந்து நின்று, சற்று நேரம் கழித்து ஒன்றும் நடக்காதது போல ஓடத் தொடங்கினால், அந்த நேரத்துக்கு நேராக இந்த 129 இருக்கிறதா என்று பார்க்கலாம். எண் 11, டிஸ்கைக் கட்டுப்படுத்தும் பகுதியில் பிழை. எண் 51, நினைவகத்துக்கும் டிஸ்குக்கும் இடையே தகவலை மாற்றும்போது பிழை. எண் 55, கோப்புகளின் அடுக்குமுறையே குலைந்திருக்கிறது.

எந்த டிஸ்க் என்பதையும் பதிவேடே சொல்கிறது. வரியைச் சொடுக்கினால் ‘ஹார்ட்டிஸ்க் 0’, ‘ஹார்ட்டிஸ்க் 1’ என்று எண் வரும். ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ பக்கத்தில் டிஸ்க் 0, டிஸ்க் 1 என்று இருப்பதோடு அதை ஒப்பிடலாம். இதைப் பார்க்காமலேயே புது டிஸ்க் வாங்கியவர்கள் உண்டு. உண்மையில் புகார் சொன்னது முன்பக்கம் செருகியிருந்த பென்டிரைவாகவோ காலியான மெமரி கார்டு செருகியாகவோ இருந்திருக்கும். பென்டிரைவைச் செருகி எடுப்பதால் இந்த எண்கள் மாறக்கூடும் என்பதால், பிழை வந்த அன்றே பார்ப்பது நல்லது.

அடுத்து என்ன செய்வது என்பதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். இணையத்தில் தேடினால் முதலில் வரும் ஆலோசனை ‘செக் டிஸ்க்’ சோதனையை ஓட்டு என்பது. கடைக்குக் கொண்டுபோனால் கேட்கும் முதல் வார்த்தை பெரும்பாலும் ‘பார்மட்’. இரண்டுமே முதல் வேலை அல்ல. செக் டிஸ்கின் முழுச் சோதனை டிஸ்கின் ஒவ்வொரு மூலையையும் படித்துப் பார்க்கும், மணிக்கணக்கில் ஓடும். ஏற்கெனவே தள்ளாடும் டிஸ்குக்கு அது கடைசி ஓட்டமாக முடிந்துவிடலாம். தவிர, செக் டிஸ்கின் கவலை அடுக்குமுறையைச் சீராக்குவது. உள்ளே இருக்கும் கோப்பைக் காப்பாற்றுவது அல்ல. ஒட்டாத துண்டுகளை அது தனியொரு மறைவான கோப்புறையில் பெயரில்லாமல் போட்டுவிடும். பார்மட் பற்றிச் சொல்லவே வேண்டாம். வீட்டுக்காரரின் தகவலோடு, நோய் என்னவென்று எழுதி வைத்திருந்த பதிவேட்டையும் அது அழித்துவிடுகிறது. சுத்தமாகத் திரும்பி வரும் கணினி இரண்டு மாதத்தில் அதே பிழையோடு நிற்கும்.

முதல் வேலை நகல் எடுப்பது. அதுவும் எல்லாவற்றையும் அல்ல. திரும்பக் கிடைக்காதவற்றை முதலில். படமும் பாட்டும் மறுபடி கிடைக்கும். ஆலயத்தின் நன்கொடைக் கணக்கு, சங்கத்தின் உறுப்பினர் பட்டியல், கூட்டக் குறிப்புகள், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் வரவு செலவு ஆகியவை கிடைக்காது. சங்கங்கள் ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்த 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கை அனுப்பியாக வேண்டும். சிறு வியாபாரம் செய்கிறவர் வருமான வரிக்காக 7 ஆண்டுக் கணக்கை வைத்திருக்க வேண்டும். “டிஸ்க் போய்விட்டது” என்ற விளக்கத்தை எந்த இலாகாவும் அவ்வளவு எளிதில் ஏற்றுக்கொள்ளாது. இவற்றையெல்லாம் விட, தோட்டத்து லயன் வீடுகள், பழைய கோவில், தீமிதித் திருவிழா என்று யாரோ ஒருவர் ஸ்கேன் செய்து வைத்த படங்கள் இருக்கின்றன. தோட்டம் கைமாறி வீடமைப்பாகவோ தொழிற்பேட்டையாகவோ ஆன பிறகு அவற்றை மறுபடி எடுக்க இடமே இல்லை. இந்த வட்டாரத்தில் பல குடும்பங்களின், பல ஆலயங்களின் நினைவு ஒரே ஒரு கணினியின் ஒரே ஒரு டிஸ்கில்தான் இருக்கிறது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும்.

நகல் எடுத்த பிறகு நிதானமாகக் காரணம் தேடலாம். இங்கே கைகொடுப்பது ‘ஸ்மார்ட்’ எனப்படும் குறிப்பேடு. இது விண்டோஸ் எழுதுவதல்ல. டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொள்வது. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் அதைப் படிக்கலாம். நீலம் நலம், மஞ்சள் கவனம், சிவப்பு ஆபத்து. நிறத்தை மட்டும் நம்பாமல், பழைய வகை ஹார்ட் டிஸ்க் என்றால் நான்கு வரிகளைப் பார்க்க வேண்டும். அவை 05, சி5, சி6, சி7. (சில மென்பொருள்கள் இவற்றையே 5, 197, 198, 199 என்று காட்டும்.) 05 என்பது கெட்டுப்போனதால் ஒதுக்கிவிட்டு மாற்றிடம் தந்த இடங்களின் எண்ணிக்கை. சி5 சந்தேகத்தில் காத்திருக்கும் இடங்கள். சி6 எவ்வளவு முயன்றும் மீட்க முடியாதவை. இந்த மூன்றில் ஒன்று வாரத்துக்கு வாரம் ஏறினால் டிஸ்க் போகிறது, விவாதிக்க ஒன்றுமில்லை.

சி7 வேறு கதை. அது டிஸ்குக்கும் மதர்போர்டுக்கும் இடையே தகவல் போகும் வழியில் சிதைந்ததைக் கணக்கிடுகிறது. மற்ற மூன்றும் பூஜ்யமாக இருந்து சி7 மட்டும் ஏறினால், பெரும்பாலும் குற்றவாளி டிஸ்க் அல்ல, கேபிள். சில ரிங்கிட் விலையுள்ள சாட்டா கேபிளை மாற்றி, வேறு துளையில் செருகினால் முடிந்துவிடும் சிக்கலுக்கு நூற்றுக்கணக்கில் செலவழிப்பது இங்கேதான் நடக்கிறது. கேபிளை மாற்றிய பின் சி7 பூஜ்யத்துக்குத் திரும்பாது. அதற்கு மேல் ஏறாமல் நின்றால் போதும். வெளியே செருகும் டிஸ்க் என்றால் யூஎஸ்பி கேபிளையும் துளையையும் மாற்றிப் பார்க்க வேண்டும். ஒரே ஹப்பில் நாலைந்து சாதனங்களைச் செருகியிருந்தால் டிஸ்குக்கு மின்சாரம் போதாமலும் பிழை வரும்.

இன்னொரு சந்தேக நபர் மின்சாரம். மாலையில் இடி மின்னலோடு மழை கொட்டி, வீட்டு மின்சாரம் டிரிப் ஆகும் ஊர் இது. பதிவேட்டில் ‘கெர்னல் பவர்’ 41 என்ற வரி, அதைத் தொடர்ந்து 55 என்று இருந்தால், கணினி முறையாக அணைக்கப்படாமல் நின்றிருக்கிறது. அங்கே பணம் போக வேண்டியது டிஸ்குக்கு அல்ல, யூபிஎஸ் கருவிக்கு.

எஸ்எஸ்டியில் சுழலும் தட்டு இல்லாததால் அடையாளங்களும் மாறுகின்றன. அதில் எத்தனை சதவீத ஆயுள் தீர்ந்தது, மீட்க முடியாத பிழைகள் எத்தனை என்பவற்றைப் பார்க்க வேண்டும். சில நேரம் சாதனத்தின் உள்ளே இருக்கும் மென்பொருளே காரணமாக இருக்கும். 2024 அக்டோபரில் விண்டோஸ் 11 இன் 24எச்2 பதிப்பு வந்தபோது உலகம் முழுவதும் இது நடந்தது. வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் எஸ்என்770, எஸ்என்580 வகைகளில் 2 டிபி எஸ்எஸ்டி வைத்திருந்தவர்களின் கணினிகள் நீலத்திரை காட்டி நின்றன. பதிவேட்டில் ‘ஸ்டோர் என்விஎம்இ’ பிழைகள் குவிந்தன. அந்த எஸ்எஸ்டி தன் வேலைக்காகக் கணினியின் நினைவகத்தில் கொஞ்சம் கடன் வாங்கும். முன்பு 64 எம்பி கொடுத்து வந்த விண்டோஸ், புதிய பதிப்பில் 200 எம்பி வரை கொடுக்கத் தொடங்கியதை அதன் உள் மென்பொருள் தாங்கவில்லை. கேபிளும் சரி, சிப்பும் சரி. நிறுவனம் வெளியிட்ட புதிய உள் மென்பொருளை ஏற்றியதும் சரியானது. ஆகவே எஸ்எஸ்டியில் பிழை திரும்பத் திரும்ப வந்தால், தயாரிப்பாளரின் சொந்த மென்பொருளை இறக்கி, புதிய பதிப்பு இருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். அதற்கு முன்பும் நகல்தான்.

இந்த எச்சரிக்கைகளை எவ்வளவு நம்பலாம்? கூகள் நிறுவனப் பொறியாளர்கள் தங்களிடமிருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகளைக் கவனித்து 2007இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மேற்பரப்புச் சோதனையில் முதல் பிழை தோன்றிய டிஸ்க், பிழையே இல்லாததைவிட அடுத்த 60 நாளுக்குள் சாவதற்கு 39 மடங்கு வாய்ப்பு அதிகம் என்று கண்டார்கள். அதே ஆய்வில் மறுபக்கமும் உண்டு: செத்துப்போன டிஸ்குகளில் 56 விழுக்காட்டுக்கு மேல், முக்கியமான நான்கு எச்சரிக்கைகளில் ஒன்றைக்கூடக் காட்டாமல் போயின. எச்சரிக்கை வந்தால் நம்பலாம். வராததை வைத்து நிம்மதியாகத் தூங்க முடியாது.

ஸ்மார்ட் குறிப்பேட்டையே திருத்திவிடும் ஆட்களும் இருக்கிறார்கள். 2025இல் பழைய சீகேட் டிஸ்குகள் புதியவை என்ற பெயரில் பல நாடுகளில் விற்கப்பட்டது அம்பலமானது. அந்த ஆண்டு மே மாதம் கோலாலம்பூருக்கு வெளியே ஒரு கிடங்கில் நடந்த சோதனையில் ஏறத்தாழ 700 சீகேட் டிஸ்குகள் பிடிபட்டன. ஓடிய மணி நேரக் கணக்கை அழித்து, புது லேபல் ஒட்டி விற்பனைக்கு வைத்திருந்தார்கள். சந்தை விலையைவிட மிகக் குறைவாக இணையத்தில் கிடைக்கும் ‘புதிய’ டிஸ்க் வாங்கிய சில மாதத்தில் 7ஆம் எண்ணும் 153ஆம் எண்ணும் வரத் தொடங்கினால், முதலில் அதன் வரிசை எண்ணைத் தயாரிப்பாளரின் இணையப் பக்கத்தில் கொடுத்து உத்தரவாதம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சில ரிங்கிட்டுக்கு 2 டிபி பென்டிரைவ் என்பது அதைவிட மோசம். உள்ளே அவ்வளவு இடமே இருக்காது. உண்மையான கொள்ளளவு நிறைந்ததும் எழுதியதெல்லாம் காற்றில் போகும்.

கடைக்குக் கொண்டுபோவதென்றால், பதிவேட்டின் பிழை வரிகளையும் ஸ்மார்ட் பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு போவது நல்லது. “மெதுவா இருக்கு, பார்த்துக் குடுங்க” என்று சொன்னால் பார்மட்தான் நடக்கும். “சி5 போன வாரம் 8, இந்த வாரம் 40” என்று சொன்னால் பேச்சே மாறும். போலிப் பொருளோ உத்தரவாதத்தை மறுப்பதோ என்றால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 ரிங்கிட்; 50,000 ரிங்கிட் வரை கோரலாம்; 3 ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். ரசீதையும் விற்பனையாளரோடு பேசிய செய்திகளையும் வைத்திருப்பது அவசியம். உத்தரவாதத்தில் மாற்றுச் சாதனம் வந்தாலும் பழைய டிஸ்க் திரும்பி வராது, உள்ளே இருந்ததும் வராது. அதனால் நகல் முழுதாக இருக்கிறதா என்று வேறொரு கணினியில் திறந்து பார்த்த பிறகே அதை ஒப்படைக்க வேண்டும்.