லினக்ஸில் நிரல் நூலகப் பொதிகளை நிறுவுதலும் நீக்குதலும்

நிரல் நூலகம் என்பது பிற நிரல்கள் அழைத்துப் பயன்படுத்துவதற்காக முன்பே எழுதி வைக்கப்பட்ட நிரல்களின் திரட்டு. லினக்ஸில் இது பொதியாகக் கட்டி வழங்கப்படுகிறது. அந்த நூலகம் இயங்கத் தேவையான பிற பொதிகளின் பட்டியலும் பொதிக்குள்ளேயே இருக்கும்; அவை சார்புகள் எனப்படும்.

தமிழ்நாட்டு மாணவர் பலருக்கு லினக்ஸ் அறிமுகமானது 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால். தொடக்கத்தில் வழங்கிய கணினிகளில் விண்டோஸுடன் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ், உபுண்டு இரண்டும் டெபியன் வழி வந்தவை. பொதிகளைக் கையாளும் முறையும் ஒன்றே. டிபிகேஜி என்னும் கருவி பொதியைப் பிரித்து நிறுவும். அதன் மேல் இயங்கும் ஆப்ட், களஞ்சியத்திலிருந்து பொதியையும் சார்புகளையும் இறக்கித் தரும். ‘சூடோ ஆப்ட் அப்டேட்’ இட்டுப் பட்டியலைப் புதுப்பித்தபின், ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால்’ என்பதோடு பொதியின் பெயரைத் தர வேண்டும். (கட்டளைகள் இங்கே ஒலிப்பில் உள்ளன, முனையத்தில் ஆங்கில எழுத்தில் இட வேண்டும்.)

சி மொழியில் எழுதுவோர் அடிக்கடி தடுமாறும் இடம் ஒன்று உண்டு. நூலகத்தை நிறுவிய பிறகும் தலைப்புக் கோப்பு கிடைக்கவில்லை என்று தொகுப்பி சொல்லும். தலைப்புக் கோப்புகள் ‘-டெவ்’ என்று முடியும் தனிப் பொதியில் இருப்பதே காரணம்.

பைத்தான் நூலகங்களுக்குப் பிப் என்னும் வேறொரு கருவி உள்ளது. ‘நீலகிரி’ என்ற சொல்லின் நீளத்தைப் பைத்தானிடம் கேட்டால், உயிர்மெய்க் குறிகளையும் தனித்தனியே எண்ணி 7 என்னும். ஓப்பன்-தமிழ் நூலகம் 4 எழுத்துகள் என்று சரியாகப் பிரிக்கும். நிறுவும்போது அதன் பெயர் ஓப்பன்-தமிழ்; நிரலுக்குள் அழைக்கும்போது ‘தமிழ்’ மட்டுமே. 2023இல் வந்த டெபியன் 12 முதல், கணினியின் பொதுப் பைத்தானில் பிப் நேரடியாக நிறுவுவது தடுக்கப்பட்டுள்ளது. ஆப்ட் வைத்த கோப்புகளோடு பிப் வைத்தவை மோதினால் இயங்குதளத்தின் கருவிகளே பழுதாகும். தடையை வலிந்து மீறுவதைவிட, ஒவ்வொரு பணிக்கும் ஒரு மெய்நிகர்ச் சூழலை உருவாக்கி அதற்குள் நிறுவுவதே நல்லது. வேண்டாதபோது அந்தக் கோப்புறையை அழித்தால் போதும்.

ஆப்ட் வழி நிறுவியதை நீக்க ‘ரிமூவ்’. அமைவுக் கோப்புகளும் போக ‘பர்ஜ்’. துணையாக வந்து இப்போது யாருக்கும் தேவைப்படாத சார்புகளை ‘ஆட்டோரிமூவ்’ அகற்றும். பிப்பின் ‘அன்இன்ஸ்டால்’ சார்புகளை விட்டுவிடும். ஆப்ட் காட்டும் நீக்கப் பட்டியலைப் படிக்காமல் சம்மதம் தரக் கூடாது: பழைய பைத்தான் என்று நினைத்து அதை நீக்கினால், அதைச் சார்ந்த திரைமுகப்பும் சேர்ந்தே போய்விடலாம்.

நீலகிரியின் தேயிலைத் தோட்டக் குடியிருப்பு போல இணைப்பு சீராக இல்லாத இடத்தில், குன்னூரிலோ ஊட்டியிலோ பொதிகளை இறக்கிப் பென்டிரைவில் கொண்டுவரலாம். இரு கணினிகளிலும் இயங்குதளப் பதிப்பும் செயலி வகையும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆப்டை ‘டவுன்லோட்-ஒன்லி’ விருப்பத்துடன் இயக்கினால் பொதிகள் நிறுவப்படாமல் சேமிக்கப்படும். ஆனால் இறக்கும் கணினியில் ஏற்கெனவே உள்ள சார்புகளை அது மீண்டும் இறக்காது. வீட்டுக்கு வந்தபின் ஒன்று குறையும், மறுபடி மலைப்பாதைப் பயணம்தான். இரு கணினிகளிலும் உள்ள பொதிப் பட்டியலை முன்பே ஒப்பிடுவது இதைத் தவிர்க்கும். பிப்பின் ‘டவுன்லோட்’ கட்டளை சார்புகள் அனைத்தையும் எடுத்துவிடும் என்பதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை.

நிறுவும் நடுவே மின்சாரம் போனால் பொதி அரைகுறையாக நிற்கும். மீண்டும் இயக்கியதும் ‘சூடோ டிபிகேஜி’யை ‘கன்ஃபிகர்’ விருப்பத்துடன் இட்டு, விடுபட்ட பணியை முடிக்கலாம். சார்புகள் குறைந்திருந்தால் ஆப்டின் ‘ஃபிக்ஸ்-புரோக்கன்’ விருப்பம் அவற்றை நிரப்ப முயலும். அதற்குத் தேவையான பொதிகள் கையிருப்பில் இல்லையெனில் இணைப்பு வேண்டும்.